கடைசிப் பிடி மாவு

களி வெந்துவிட்டது. பானையை அடுப்பிலிருந்து இறக்க வேண்டிய சமயம். அந்த நேரத்தில் இன்னும் ஒரு பிடி மாவை அதன் தலையில் தூவி, துடுப்பால் நாலு கிண்டு கிண்டிப் பரிமாறுவது நார்வே கிராமத்துப் பெண்களின் வழக்கம். இந்த ஒரு பிடி மாவுக்காக, 1864இல் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள், அந்த நாட்டின் படித்த வர்க்கம் அச்சில் சண்டை போட்டுக்கொண்டது. அங்கே வரலாற்று நூல்களில் இதற்குப் பெயரே 'களிச் சண்டை'தான்.

கேள்விப்பட்டவுடன் சிரிப்பு வரும். அந்தக் காலத்திலும் சிரித்தார்கள். ஆனால் மோதிக்கொண்ட இருவரும் லேசுப்பட்டவர்கள் அல்லர். பீட்டர் கிறிஸ்டன் ஆஸ்பியோர்ன்சன், நண்பர் யோர்கன் மோவுடன் சேர்ந்து நார்வேயின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். எய்லர்ட் சுண்ட், சமூகவியல் என்ற துறைக்கு அந்த நாட்டில் ஆளே இல்லாத காலத்தில் அதைத் தனியாளாகச் செய்துகொண்டிருந்தவர். இருவரும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குறிப்பேடும் கையுமாகக் கிராமங்களில் அலைந்து கழித்தார்கள். கிராமத்து ஜனங்களை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த வேறு இருவரை அந்தத் தலைமுறையில் காட்டுவது கடினம். அப்படிப்பட்டவர்கள்தான் ஒரு பிடி மாவில் பிரிந்தார்கள்.

களி என்று நான் சொல்வது நம் களியைப் போன்ற பண்டத்தைத்தான். கேழ்வரகுக்குப் பதில் பார்லி அல்லது ஓட்ஸ். இரும்புக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். கிண்டுகிற துடுப்பு காட்டிலிருந்து வரும். இளம் ஊசியிலை மரத்தின் உச்சியில் கிளைகள் வட்டமாகப் பிரிகிற இடத்தை வெட்டியெடுத்து, பட்டையை உரித்து, கிளைகளை விரல் நீளத்துக்கு நறுக்கிவிட்டால் ஐந்தாறு விரல் கொண்ட மத்து ஒன்று தயார். வெந்த களியை ஒரே மரத்தொட்டியில் கொட்டி மேசை நடுவில் வைப்பார்கள். ஆளுக்கொரு மரக்கரண்டி, அவரவர் பக்கத்திலிருந்து அள்ளி, புளித்த பாலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். விசேஷ நாளில் நடுவே குழி பறித்து வெண்ணெய் உருகவிடுவதுண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் பாலாடை ஊற்றிக் கிண்டிய களியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கிறிஸ்துமஸ் இரவில் பண்ணையைக் காக்கும் குள்ளப் பூதமான நிஸ்ஸெவுக்கும் தொழுவத்தில் ஒரு கிண்ணம் உண்டு.

இதெல்லாம் கொடுத்துவைத்த வருஷங்களில். மாவு அந்த நாட்டில் என்றைக்குமே தாராளமாகக் கிடைத்ததில்லை. நிலப்பரப்பில் உழக்கூடியது மிகச் சொற்பம். தானியம் கப்பலில் வந்தாக வேண்டும். டேனிஷ் அரசரின் ஆட்சியில் 1735 முதல் 1788 வரை தெற்கு நார்வேயில் டென்மார்க்கின் தானியத்தைத் தவிர வேறு எதையும் இறக்குமதி செய்யக்கூடாது என்று சட்டம் இருந்தது. டேனிஷ் பண்ணையார்கள் கொழிப்பதற்காக நார்வேக்காரன் வயிறு கட்டுப்பட்டுக் கிடந்தது. 1807இல் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகனைக் குண்டு வீசித் தாக்கி டேனிஷ் கப்பற்படையைப் பறித்துச் சென்றது; டென்மார்க்-நார்வே நெப்போலியன் பக்கம் சாய, பிரிட்டிஷ் கப்பல்கள் கடல்வழியை அடைத்தன. 1812இல் விளைச்சலும் பொய்த்தது. மரப்பட்டையின் உள்தோலைக் காயவைத்து இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டுத் தின்ற ஆண்டுகள் அவை. மலைப் பாறைகளில் படரும் ஐஸ்லாந்துப் பாசியை உணவாக்குவது எப்படி என்று படித்தவர்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

படித்தவர்கள் அடுப்படிக்குள் நுழைந்து புத்தி சொல்வது அங்கே பழைய பழக்கம், அது எப்போதும் தப்பாகப் போனதென்றும் சொல்ல முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூத்தரன் பாதிரிகள் பலர் உருளைக்கிழங்குப் பிரசாரம் செய்தார்கள். தங்கள் தோட்டத்தில் பயிரிட்டுக் காட்டினார்கள், பிரசங்க மேடையில் பேசினார்கள், துண்டுநூல் அச்சடித்தார்கள். 'உருளைக்கிழங்குப் பாதிரிகள்' என்று அவர்களுக்குப் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. குடியானவர்கள் முதலில் சட்டை செய்யவில்லை. முற்றுகையின் பசி வந்தபோதுதான் கிழங்கு நாடெங்கும் வேரூன்றியது. அந்த விஷயத்தில் பாதிரிகள் சொன்னது சரி, கிராமத்தின் தயக்கம்தான் தவறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளாமல் களிச் சண்டைக்குள் போனால் கட்சி கட்டுவது சுலபமாகிவிடும்.

1864இல் 'அறிவார்ந்த சமையல்' என்று தலைப்புப் பொருள்படும் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் கிளெமென்ஸ் போனிஃபாசியஸ். அது புனைபெயர், உள்ளே இருந்தவர் ஆஸ்பியோர்ன்சன். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் உணவை உடலை வளர்ப்பது, உடலுக்குச் சூடு தருவது என்று பிரித்துக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்திருந்த காலம் அது. அந்தக் கணக்கை நார்வேயின் அடுப்படிக்குக் கொண்டுபோனார் போனிஃபாசியஸ். வேகாத மாவு வயிற்றில் செரிக்காது, போனபடியே வெளியேறிவிடும். ஆகவே இறக்கும்போது போடுகிற அந்தப் பிடி மாவு வெறும் விரயம். ஒரு வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு பிடி என்றால் நாடு முழுக்க ஆண்டுக்கு எத்தனை மூட்டை? பட்டையைத் தின்ற தாத்தா பாட்டிகளை இன்னும் நினைவில் வைத்திருந்த ஒரு நாட்டில், மாவை வீணடிக்கிறாள் என்று ஒரு பெண்ணைச் சொல்வது சின்னப் பழி அல்ல.

ஆஸ்பியோர்ன்சனை வில்லனாக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், கண்ணாடி வேலைக்காரரின் மகனாக 1812இல் பிறந்தவர். பருத்த உடம்பு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நல்ல சாப்பாட்டில் அளவற்ற பிரியம். படித்தது விலங்கியல். 1853இல் ஹார்டாங்கர் ஃபியோர்டின் ஆழத்திலிருந்து அதுவரை யாரும் கண்டிராத நட்சத்திர மீன் ஒன்றைத் தூர்வாரி எடுத்து, ஃப்ரெயா என்ற பழைய பெண் தெய்வத்தின் கழுத்தணியை நினைத்து அதற்கு 'பிரிசிங்கா' என்று பெயர் வைத்தார். விலங்கியலும் புராணமும் ஒரே மண்டைக்குள் இப்படிக் குடித்தனம் நடத்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு வனத்துறை அதிகாரி, அதன்பின் எரிகரி மண் வெட்டும் நிலங்களுக்கு அதிகாரி. வீணாகாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு உத்தியோகமாகவே இருந்தது.

ஆனால் அவரை அழியாமல் வைத்திருப்பது கதைகள். 1841 முதல் சிறு சிறு வெளியீடுகளாக வந்த 'நார்வே நாட்டுப்புறக் கதைகள்' டேனிஷ் எழுத்துமொழிக்குள் நார்வேப் பேச்சின் வாக்கிய ஓட்டத்தைக் கொண்டுவந்தன. கல்லறைக் குழி வெட்டுபவர், வேட்டைக்காரர், மந்திரிக்கும் கிழவி என்று யார் யாரோ சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டு எழுதிய மனிதர் அவர். அந்தக் கதைகளில் களி வராத வீடு இல்லை. பூதத்தோடு களி தின்னும் போட்டி வைத்து, சட்டைக்குள் ஒளித்த பையில் களியை நிரப்பி, அந்தப் பையைக் கிழித்துக்காட்டிப் பூதத்தைத் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ள வைக்கிறான் கடைக்குட்டி அஸ்கெலாடன். இன்னொரு கதை இந்தச் சண்டைக்காகவே சொல்லிவைத்தது போல இருக்கும். பெண்டாட்டிக்கு வீட்டு வேலை ஒன்றுமே உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை என்று கரித்துக்கொட்டுகிற புருஷன். சரி, நாளைக்கு நீ வீட்டைப் பார், நான் புல்லறுக்கப் போகிறேன் என்கிறாள் அவள். அவன் மாட்டைப் புல் முளைத்த கூரைமேல் ஏற்றி, விழாமல் இருக்கக் கயிற்றைப் புகைபோக்கி வழியாக விட்டுத் தன் காலில் கட்டிக்கொண்டு களிக்குத் தண்ணீர் வைக்கிறான். மாடு விழுகிறது, இவன் புகைபோக்கிக்குள் இழுபட்டுத் தொங்குகிறான். திரும்பி வந்த மனைவி, தொங்கும் மாட்டைக் கண்டு கயிற்றை அறுத்துவிட்டு உள்ளே போனால், புருஷன் களிப்பானைக்குள் தலைகீழாக நிற்கிறான்.

இந்தக் கதையை அச்சேற்றிய கைதான் போனிஃபாசியஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, அதே பெண்களுக்குக் களி கிண்டத் தெரியாது என்று எழுதியது. கிழவி வாயைத் திறந்தால் முத்து, துடுப்பைப் பிடித்தால் அறியாமை. நாட்டுப்புறத்தைக் கொண்டாடிய அந்த நூற்றாண்டின் படிப்பாளிகள் பலரிடமும் இந்த விரிசலைப் பார்க்கிறேன். மக்களின் கற்பனை தேசத்தின் சொத்து. அவர்களின் கைவேலை திருத்தப்பட வேண்டிய பிழை.

எய்லர்ட் சுண்ட் வந்த வழி வேறு. தெற்குக் கடற்கரைச் சிற்றூரான ஃபார்சுண்டில் 1817இல், பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டின் கடைசிப் பிள்ளை. இறையியல் படித்தவர். எண்ணிக்கையில் பித்து. 1855இல் அவர் எழுதிய திருமணம் பற்றிய நூலை இந்தச் சண்டைக்கு முன்னோட்டமாகப் படிக்கலாம். 1801இல் சுமார் 8,83,000ஆக இருந்த மக்கள்தொகை வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1865இல் 17 லட்சம். மேல்தட்டில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஏழைகளுக்குப் பொறுப்பில்லை, கஞ்சிக்கு வழியில்லாமல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பண்ணைகளின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, தங்கியிருக்கிற துண்டு நிலத்துக்காகப் பண்ணையில் உழைத்துக் கொடுத்த குடிசைவாசிக் குடும்பங்கள் பெருகிய காலம் அது. சுண்ட் கணக்கேடுகளைத் திறந்தார். முற்றுகைப் பசியில் பிள்ளைப்பேறு குறைந்திருந்தது; 1814இல் போர் முடிந்ததும் சட்டென்று பெருகியது. அப்போது பிறந்த பெரிய கூட்டம் இருபத்தைந்து, முப்பது வயதை எட்டியபோது கல்யாணங்கள் பெருகின. பொறுப்பின்மை என்று பாதிரிகள் வைத அந்த அலை, வெறும் வயதுக் கணக்கு.

அவருடைய மற்ற நூல்களும் இதே தோரணைதான். 1857இல் ஒழுக்கம் பற்றி எழுதினார். சனிக்கிழமை இரவு பையன்கள் கூட்டமாகப் போய், தொழுவத்திலும் பரணிலும் படுத்திருக்கும் வேலைக்காரப் பெண்களைச் சந்திக்கிற வழக்கம் பாதிரிகளைப் பதறவைத்திருந்தது. ஊர் ஊராகக் கேள்விப் பட்டியல் அனுப்பி, அந்தப் பெண்களுக்குப் படுக்க வேறு இடம் எங்கே கொடுத்தீர்கள் என்ற இடத்துக்குப் பேச்சைக் கொண்டுவந்தார். வீடு கட்டும் முறை, கைத்தொழில், துப்புரவு என்று எல்லாவற்றிலும் அவர் முதலில் தேடியது, இதைச் செய்கிறவருக்கு இதில் என்ன லாபம் என்பதை.

1857 முதல் அவர் நடத்திவந்த 'மக்களின் நண்பன்' என்ற இதழ் அறிவொளிச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தம். மக்களுக்கு அறிவு புகட்டத்தான் அந்தச் சங்கம் 1851இல் தொடங்கப்பட்டது. மார்கஸ் த்ரானேயின் தொழிலாளர் இயக்கத்தை நசுக்கி அவரைச் சிறையில் தள்ளியதும் அதே ஆண்டு. உழைக்கும் ஜனம் எதைப் படிக்கிறது என்று மேல்தட்டுக்குக் கவலை பிறந்திருந்தது. அப்படிப்பட்ட இதழிலேயே சுண்ட் போனிஃபாசியஸுக்குப் பதில் எழுதினார். அவர் தரப்பின் சாரம் இது: இத்தனை ஊர்களில் இத்தனை தலைமுறையாக, மாவின் அருமை தெரிந்த ஏழைப் பெண்கள் ஒரு காரியத்தைச் செய்துவருகிறார்கள் என்றால், அதில் ஏதோ பலன் இருக்க வேண்டும். பலன் என்னவென்று தெரியாதவரைக்கும், தெரியாதது நமக்கே தவிர அவர்களுக்கு அல்ல.

எதிர்த்தரப்பு நக்கலும் வேதியியலுமாகத் திருப்பித் தந்தது. படித்தவர்களிடம் சுண்ட் எடுபடவில்லை. அறிவியல் சொல்லும்போது அடுப்படிக் கிழவிக்கு வக்காலத்து வாங்குகிற பாதிரி என்ற சித்திரம் ஒட்டிக்கொண்டது.

அறிவியல் எந்தப் பக்கம் இருந்தது என்பது அவ்வளவு நேரானதல்ல. டார்வினின் கொள்கையை நார்வே வாசகர்களுக்கு முதலில் விளக்கி எழுதியவர்களில் ஆஸ்பியோர்ன்சன் ஒருவர், ஆண்டு 1861. அந்தக் கொள்கையைக் கையிலெடுத்து ஒரு கைத்தொழிலுக்குப் பொருத்திப் பார்த்தவர் சுண்ட். வடக்கு நார்வேயின் மீன்பிடி படகுகளைப் பற்றி எழுதியபோது அவர் சொன்னது: எவ்வளவு தேர்ந்த தச்சனாலும் இரண்டு படகுகளை அச்சு அசலாக ஒரே மாதிரி கட்ட முடியாது. ஒன்று கொஞ்சம் அகலும், ஒன்று கொஞ்சம் உயரும். அலையில் நன்றாக நிற்பது எது என்று கடலுக்குப் போகிறவன் கண்டுகொள்வான். அடுத்த படகை அதைப் பார்த்துக் கட்டச் சொல்வான். யாரும் உட்கார்ந்து திட்டம் போடாமலே, பல தலைமுறையில் அந்தப் படகு அந்தக் கடலுக்குப் பொருத்தமாகிவிடுகிறது. படகுக்குச் சொன்ன இந்த வாதத்தைக் களிக்கும் சொல்லலாம் என்பது சுண்டுக்குத் தோன்றியது, டார்வினை அறிமுகப்படுத்தியவருக்குத் தோன்றவில்லை. படகு ஆண்கள் கட்டுவது, களி பெண்கள் கிண்டுவது என்பது இதில் எவ்வளவு வேலை செய்தது என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

மாவு விஷயத்தில் கடைசியில் சுண்ட்தான் சரி. பார்லி, ஓட்ஸ், கோதுமை போன்ற தானியங்களின் மாவுச்சத்து வேகாவிட்டாலும் பெருமளவுக்குக் குடலில் செரித்துவிடும் என்பது இன்று தெளிவு. பச்சையாகச் செரிக்க மறுப்பது உருளைக்கிழங்கின் மாவுச்சத்துதான். போதாக்குறைக்கு நார்வேயின் பல பகுதிகளில் ஈரக்காற்றில் காயாத தானியத்தைச் சூளையில் தீமூட்டி உலர்த்தித்தான் அரைப்பார்கள். மாவே பாதி வறுபட்ட மாவு. கொதிக்கிற களியின் சூடும் அதில் சேர்கிறது. ஆக, போனிஃபாசியஸ் சொன்ன 'பச்சை மாவு' அவர் நினைத்த அளவுக்குப் பச்சையும் இல்லை, அவர் நினைத்தபடி வீணும் இல்லை. களி நீர்த்துப்போனால் இறுக்கவும், வாசத்துக்கும், இரண்டாம் முறை விறகு போடாமல் முடிக்கவும் அந்தப் பிடி உதவியிருக்கும் என்பது என் ஊகம். கிண்டிப் பார்த்தவர்களுக்கு ஊகம் தேவைப்பட்டிருக்காது.

இந்தத் தெளிவு சுண்டின் ஆயுளில் வரவில்லை. 1866க்குப் பிறகு இதழ் அவர் கையில் இல்லை. 1869இல் நாடாளுமன்றம் அவருடைய ஆய்வுக்கான நிதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஐட்ஸ்வோல் என்ற ஊருக்குப் பாதிரியாகப் போய்ச் சேர்ந்தார். 1875இல் அங்கேயே இறந்தார், வயது 57. ஐட்ஸ்வோல் 1814இல் நார்வேயின் அரசியல் சட்டம் எழுதப்பட்ட ஊர். சட்டம் எழுதப்பட்ட மாளிகை கார்ஸ்டன் ஆங்கர் என்ற இரும்பாலை முதலாளியுடையது. டேனிஷ் ஆசியக் கம்பெனியின் இயக்குநராக இருந்தவர் அவர். அவருடைய அண்ணன் பீட்டர் ஆங்கர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் டேனிஷ் ஆளுநர். அங்கிருந்தபடி நம் கோயில்களையும் கரையோரங்களையும் நீர்வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தார். களிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ஐட்ஸ்வோல் என்ற பெயரைக் கடக்கும்போது தரங்கம்பாடியைச் சொல்லாமல் போக எனக்கு முடிவதில்லை.

சுண்டை இங்கேயே விட்டுவிட்டால் அவர் புனிதராகிவிடுவார். அவருடைய முதல் பெரிய நூல் 1850இல் வந்தது. கிறிஸ்தியானியா சிறையில் கைதிகளுக்குப் பாடம் சொல்லப் போனபோது, ஊர் ஊராகத் திரியும் நாடோடி இனத்தைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்தார். குதிரை வியாபாரம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல், கம்பி வேலை என்று சாலையிலேயே வாழ்ந்த ரொமானி மக்கள் அவர்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விரிவாக எழுதினார். அவர்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொண்ட மொழியின் சொற்களைக் கேட்டுப் பட்டியலிட்டார். சொற்களைப் பத்திரப்படுத்திய கையோடு, இவர்களைச் சாலையிலிருந்து இறக்கி ஓரிடத்தில் குடியமர்த்திப் பயிரிட வைக்க வேண்டும் என்று அரசிடம் பேசினார். 1850களின் நடுவில் நாடாளுமன்றம் அதற்கென்று ஒதுக்கிய நிதியை நிர்வகித்தவரும் அவரேதான்.

குடியானவப் பெண்ணின் பானைக்குள் ஒரு காரணத்தைத் தேடியவர், ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வண்டியோடு அலைவதில் அதே காரணத்தைத் தேடவில்லை. சொல்லை எடுத்துக்கொண்டு வாழ்க்கையைத் திருத்தப் புறப்படுவது, ஆஸ்பியோர்ன்சன் கதைசொல்லிக் கிழவிகளிடம் செய்ததுதான். அலைகிற ஈயம் பூசுகிறவன் ஊர்களுக்குத் தேவைப்பட்டவன்தான் என்பது அவருடைய சொந்த ஏடுகளிலேயே கிடைக்கிற செய்தி. அதைப் படகுக்குச் செய்த மாதிரி வாதமாக வளர்க்க அவர் முயலவில்லை. தாம் போக விரும்பிய தூரம் வரைக்கும்தான் மனிதர்கள் நம்புகிறார்கள் போலும். சுண்டின் எல்லை வீட்டு வாசலில் நின்றது: அடுப்பு உள்ளவர்களை நம்பினார், அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை நம்பவில்லை.

அவர் தொடங்கிவைத்த வேலை அவரோடு முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கிறிஸ்தவ மிஷன் அமைப்பு இந்தப் பொறுப்பை ஏற்றது. ரொமானிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் வளர்ப்பது, குடும்பங்களை முகாம்களில் குடியேற்றுவது என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அது நீண்டது. ஆஸ்பியோர்ன்சனின் முகம் ஒரு காலத்தில் 50 குரோனர் நோட்டில் இருந்தது. சுண்டின் ஏடுகள் 1970களில் மறுபதிப்புக் கண்டு, இப்போது சமூகவியல் வகுப்புகளில் படிக்கப்படுகின்றன. அவருடைய சொற்பட்டியலும் மொழி ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. அந்தச் சொற்களைப் பேசிய மக்களிடம் நார்வே அரசு மன்னிப்புக் கேட்டது 1998இல்.